இப்ப இல்லீங்க

"இல்லை" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் சைன்ஸ் மோசம்போனாள்.

சைன்ஸ் என்பது அவள் அண்ணன் வைத்த பெயர். இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவளை, தன் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு இழுத்துவந்து பில் போட உட்காரவைத்தவன் அவன். எந்த மெஷினாவது முரண்டு பிடித்தால் உடனே கூப்பிடுவான். "சைன்ஸ், தண்ணி கீழ இறங்க மாட்டேங்குது. உங்க புத்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?"

பில் போடுவாள், உதிரிப் பாகம் எடுத்துக் கொடுப்பாள், கூட்டிப் பெருக்குவாள். போன் மட்டும் எடுக்க மாட்டாள். முகம் தெரியாதவர்களிடம் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் போன் எப்போதும் அண்ணனுடையது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, கை இரண்டும் மெஷினுக்குள் இருக்க, ஊர்க்கதை முழுக்கப் பேசுவான்.

அண்ணன் இறந்து, வர வேண்டியவர்கள் எல்லாம் வந்து போய், மூடிக்கிடந்த ஷட்டரை மறுபடி தூக்கிய அன்று காலையிலேயே போன் அடித்தது. கடையில் வேலை பார்க்கும் மெக்கானிக்கின் கை முழுக்க கிரீஸ். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். எடுத்தாள்.

"தம்பி இருக்காரா?"

"இப்ப இல்லீங்க."

யோசித்துத்தான் சொன்னாள். இருக்காரா என்று கேட்டால், இல்லை. இதைவிடச் சுருக்கமாக, இதைவிட உண்மையாக யாரால் சொல்ல முடியும்? எதிர்முனையிலிருந்து "ஐயையோ" வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"சரிம்மா, வந்ததும் பேசச் சொல்லு. ரெண்டு தடவை அலசுற மெஷின்னு சொல்லு, தெரியும்."

வைத்துவிட்டார்.

அவர் ரின்ஸ் சார். அதுவும் அண்ணன் வைத்த பெயர்தான். ஓய்வுபெற்ற சர்வேயர், ஊரின் இன்னொரு கோடியில் வீடு. துணியை ஒரு தடவை அலசினால் சோப்பு போகாது, இரண்டு தடவை அலசியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர். அவருடைய மெஷின்தான் கடை நடுவில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

அண்ணன் கடைசியாகக் கழற்றிய மெஷின் அது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று டிரம்மை வெளியே எடுத்து, மோட்டாரை இறக்கி, ஸ்பிரிங், பெல்ட், ரப்பர் வளையம், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பிவைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வந்து மாட்டுறேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். டீக்கடை வாசலிலேயே விழுந்தான். வலிக்கிறது என்று சொல்லக்கூட அவனுக்கு நேரம் இருக்கவில்லையாம்.

அந்த "யாரும் தொடாதீங்க"வை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடினார். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடையோ ஒரு ரயில் பெட்டி அகலம். நடுவில் இப்படி ஒரு மேடு இருந்தால் எங்கே நடப்பது? மெக்கானிக் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்வந்தார். சைன்ஸ் நாள் தவறாமல் கால் விரலை இடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் மாட்டிடறேனே. ஒரு மத்தியானம் போதும்" என்று மெக்கானிக் கேட்டுப் பார்த்தார்.

"வெச்சது வெச்ச இடத்துல இருக்கட்டும்."

"ஐயா, இது கஸ்டமர் மெஷின்..."

"காதுல விழலையா உனக்கு?"

அதற்குமேல் மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. சைன்ஸும் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மறுபடி போன்.

"தம்பி?"

"இப்ப இல்லீங்க."

"நேத்தும் இல்லைன்ன. எப்பம்மா இருப்பாரு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. "தெரியலீங்க" என்றாள். அதுவும் உண்மைதான்.

வீட்டில் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பள்ளிக்கூட டீச்சர். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருத்தினாள். "இல்லைன்னா யாருக்குப் புரியும்? போயிட்டார்னு சொல்லு."

சொன்னாள்.

"அண்ணன் போயிட்டாருங்க."

"போயிட்டாரா! இப்பத்தான் கிளம்பினாரா? பாரு என் நேரத்தை. சரி, சாயங்காலம் பேசுறேன்."

அன்று இரவு அண்ணி, "அப்ப தவறிட்டார்னு சொல்லேன்" என்றாள். அதையும் சொன்னாள்.

"அண்ணன் தவறிட்டாருங்க."

"தவறு யார் மேல இருந்தா எனக்கென்னம்மா? நான் மன்னிப்பா கேட்டேன்? மெஷினைத்தான கேட்டேன்!"

மூன்றாவதாக அண்ணி தந்தது, பேப்பரில் போடுகிற சொல். ரின்ஸ் சார் அன்று பஸ்ஸில் இருந்தார். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணன் காலமாயிட்டாருங்க!"

"என்னது, காலமாகுமா? இன்னும் எவ்வளவு காலம்தான் ஆகும்?"

ரிசீவரை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்பக்கம் மெக்கானிக்கின் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்கண்ணே."

"நான் எங்க பாப்பா சிரிச்சேன்? ஸ்க்ரூ டைட்டு."

"இப்ப நான் என்னதான் பண்றது?"

"செத்துட்டார்னு சொல்லிட வேண்டியதுதான?"

"நீங்க சொல்லுங்களேன். அடுத்த போன் நீங்க எடுங்க."

மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகுவதை நிறுத்தினார். "எனக்கு வாய் வரலை பாப்பா" என்றார்.

"எனக்கு மட்டும் வருதாக்கும்!"

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னத் தொல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணனை அவள் "அவர்" என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் அவன் அவளுக்கு எப்போதும் "அவன்"தான். வாடா, போடா, எருமை, தடியன். முன்பு ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் அவள் "அண்ணன் வருவாருங்க" என்று சொல்லப்போக, அண்ணன் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "யாருடி அது, எனக்குத் தெரியாம இன்னொரு அண்ணன்?" என்றான். இப்போதும் போனில் "அவர்" என்னும்போதெல்லாம் வேறு யாரோ ஒரு மரியாதைக்குரிய மனிதர் இறந்துபோனது போலவே இருந்தது. அந்த மனிதருக்காக அவளுக்கு அழுகை வரவில்லை.

அழாததற்கும் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சித்தி போன் செய்து, "மனசுலயே வெச்சுக்காதடி, அழுது தீர்த்துடு" என்றாள், ஏதோ பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது போல. அத்தை, "கல்நெஞ்சுக்காரி" என்று அவள் காதுபடவே சொன்னாள். அண்ணி அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அப்பா பெட்ஷீட்டைக் காவல் காத்தார். ஆளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. சைன்ஸுக்கு எரிச்சல்தான் கிடைத்தது. காலையில் பல் துலக்கும்போது எரிச்சல், சீவும்போது எரிச்சல், தெருவில் யாராவது சிரித்தால் எரிச்சல். இதைத் துக்கம் என்று எப்படிச் சொல்வது?

ரின்ஸ் சார் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

போனில் கேட்ட குரலுக்கு ஆள் குள்ளம். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. மேஜைமேல் தொப்பென்று வைத்தார். ஈரத் துணி. பையின் மூலையிலிருந்து பில் புத்தகத்தை நோக்கித் தண்ணீர் ஓடியது.

"துவைச்சுக் குடுங்க."

"சார், இது ரிப்பேர் கடைங்க..."

"தெரியும். ரிப்பேருக்குக் குடுத்துத்தான இந்தக் கதி? என் பொண்ணுக்கு ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணு முடிச்சா இன்னொண்ணு ஆரம்பிக்குது. நானும் என் சம்சாரமும் மாத்தி மாத்தித் துவைக்கிறோம். என் கையைப் பாரு." காட்டினார். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. "கூப்பிடு அவரை."

"அவர் இல்லீங்க."

"இல்லை, இல்லை, இல்லை! வேற பாட்டே தெரியாதா? என் போனைப் பார்த்ததும் ஒளிஞ்சுக்கிறாரு, அதான?"

மெக்கானிக் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். வழியில் மேடு இருந்ததால் சுற்றி வருவதற்குள் ரின்ஸ் சார் உள்ளே நுழைந்துவிட்டார். கடையின் பின்னால் ஒரு பாத்ரூம் உண்டு. கதவு சாத்தியிருந்தது. அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும், தாழ்ப்பாள் கோளாறு. அந்தக் கதவை அவர் தட்டினார்.

"தம்பி! நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். வெளிய வா."

"உள்ள யாரும் இல்லீங்க" என்றாள் சைன்ஸ்.

"நான் இங்கயே நிப்பேன். நீ எவ்வளவு நேரம் உள்ளயே உட்கார்ந்திருப்பேன்னு பார்க்கிறேன். டேய் தம்பி!"

இன்னொரு தட்டு. கதவு ஆடியது. யாரும் வரவில்லை. அந்த ஒரு நொடி, யாராவது வந்துவிட மாட்டார்களா என்று சைன்ஸும் கதவையே பார்த்தாள். பார்த்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"செத்துட்டான்!"

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

"என் அண்ணன் செத்துட்டான்! உள்ள இல்லை, வெளிய இல்லை, டீக்கடைல இல்லை. ஒளியலை, ஏமாத்தலை. செத்துட்டான்! போதுமா?"

கடையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷின் மட்டும் டடக் டடக் என்று சுற்றியது. ரின்ஸ் சாரின் கை கதவுமேலேயே நின்றது. பாம்பைத் தொட்டதுபோல் அதை இழுத்துக்கொண்டார்.

"எப்ப?"

"நீங்க முதல் தடவை போன் பண்றதுக்கு முன்னாடியே."

அவர் மனதுக்குள் எதையோ பின்னோக்கி ஓட்டிப்பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப நான் திட்டினதெல்லாம்... போன திங்கக்கிழமை ரொம்ப மோசமாத் திட்டினேனேம்மா."

"அவன் காதுல விழலைங்க. எனக்குத்தான் விழுந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! இல்லைன்னு சொன்னேன்."

"இல்லைன்னா... இல்லைன்னா நான் என்னன்னும்மா எடுத்துக்கிறது? எங்க வீட்ல சர்க்கரை இல்லைன்னாலும் இல்லைன்னுதான் சொல்றோம்!"

"போயிட்டார்னும் சொன்னேன்."

"போயிட்டார்னா..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார். உட்கார இடம் தேடினார். கிடைக்கவில்லை. உட்காரக்கூடிய இடத்தில் அவருடைய மெஷின்தான் கிடந்தது.

அப்போதுதான் அப்பா எழுந்தார். ரின்ஸ் சாரை அவர் பார்க்கவே இல்லை.

"என்ன பேச்சு பேசுற நீ? செத்துட்டான் செத்துட்டான்னு. நாயா, பூனையா?"

"வேற எப்படிப்பா சொல்றது? எல்லா விதத்துலயும் சொல்லிப் பார்த்துட்டேன்."

"பதமாச் சொல்லணும்."

"சரி, நீங்க சொல்லுங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே நானும் சொல்றேன். சொல்லுங்கப்பா."

அப்பா வாயைத் திறந்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது ஒன்று வரட்டும், தவறிட்டான் என்றாவது சொல்லிவிடட்டும் என்று சைன்ஸ் காத்திருந்தாள். அவருக்கு வந்தது வேறு.

"வந்து மாட்டுறேன்னு சொன்னான்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். சைன்ஸுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"சொன்னான்ப்பா! சொல்றதுல அவனுக்கு என்ன குறை? நாளைக்கே உனக்குப் போன்ல பேசக் கத்துத் தர்றேன்னு சொன்னான். எந்த நாளைக்குன்னு சொன்னானா? அண்ணியை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னான். அவங்க ஸ்வெட்டர் வாங்கி வெச்சு அது பழசே ஆயிடுச்சு. பாத்ரூம் தாழ்ப்பாளைச் சரி பண்றேன்னு சொன்னான். ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் ஓடுது, நம்ம வீட்டு மெஷின் மட்டும் உறுமுது. நெஞ்சு ஒரு மாதிரி பிசையுதுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அதைச் சொன்னானா? தடியன். அதை மட்டும் சொல்லலை."

மூச்சு வாங்க நின்றாள்.

"சின்னதுலயே அப்படித்தான்" என்றார் அப்பா.

குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது. எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என் ரேடியோவைக் கழட்டினான். புது ரேடியோ. அடுத்த நாள் மாட்டித் தர்றேன்னான். நானும் நம்பினேன்."

"மாட்டினானா?" என்றாள் சைன்ஸ்.

"எங்க மாட்டினான்! கடிகாரத்தைக் கழட்டப் போயிட்டான்."

"என் ஹெல்மெட்டை வாங்கிட்டுப் போனாருங்க" என்று மெக்கானிக் மெதுவாக ஆரம்பித்தார். அவ்வளவு நாளாக அடக்கிவைத்திருந்தது போல. "பத்து நிமிஷம்னாரு. மழைல நனைஞ்சு வந்து, ஹெல்மெட்டை எங்கயோ வெச்சுட்டேன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. சிரிச்சா நமக்குக் கோபம் வராதுன்னு நினைப்பு."

"நினைப்பு என்ன, வராதே!" என்றாள் சைன்ஸ். "அதான் அவன் பிழைப்பே. இதோ, சாருக்குக்கூட ரின்ஸ் சார்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாருக்கு?" என்றார் ரின்ஸ் சார்.

மெக்கானிக் சட்டென்று ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கா? ரின்ஸ் சாரா?" அவர் முகம் கோணியது. "என்கிட்ட வாய் நிறைய ஐயா ஐயான்னானேம்மா. மெஷின் எடுக்க வந்தப்ப என் சம்சாரத்துக்கிட்ட உட்கார்ந்து புள்ளைங்களுக்குப் பேர்கூட யோசிச்சுக் குடுத்தானே. அந்தப் பேரையா வெச்சோம்? வெக்கலை, அது வேற விஷயம். அயோக்கியப் பய." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததை மாட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவை அலசினா என்ன தப்பு?" என்றார்.

"ஒரு தப்பும் இல்லீங்க" என்றாள் அவள்.

அப்பா குனிந்து பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தார். இழுத்தார். அது ஒரு ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. மறுபடி இழுத்தார், இந்த முறை கோபமாக. செய்தித்தாள் கிழிந்து, அண்ணன் பரப்பிவைத்திருந்த ஸ்க்ரூக்கள் எல்லாத் திசையிலும் உருண்டன. அப்பா அவை உருண்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்ட மட்டும்தான் தெரியும் அவனுக்கு" என்றார். "மாட்டித் தொலைங்க."

நாற்காலியில் உட்காரப் போவார் என்று பார்த்தால், தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஸ்க்ரூ பொறுக்க ஆரம்பித்தார். மெக்கானிக் புது பேரிங்கை எடுத்துவந்தார். ரின்ஸ் சார் கையில் யாரோ டார்ச்சைக் கொடுத்துவிட்டார்கள், அவர் வெளிச்சத்தைத் தேவையில்லாத இடத்தில் எல்லாம் அடித்தார்.

"கொஞ்சம் கீழ காட்டுங்க சார். என் கண்ணுல அடிக்கிறீங்க" என்றார் மெக்கானிக்.

"நீ தலையை நகர்த்து, தெரியும்."

"டேய், அந்த ஸ்பிரிங்கு அந்தப் பக்கம் இல்லடா" என்றார் அப்பா. "அவன் இப்படி வெச்சுத்தான் கழட்டினான். நான் பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"இப்படி வெச்சா பெல்ட்டு தட்டும் ஐயா."

"தட்டட்டும். அவன் செஞ்ச எதுதான் தட்டாம ஓடியிருக்கு?"

சைன்ஸ் மேஜைக்குப் போய், நனைந்த பில் புத்தகத்தை உதறிக் காயவைத்தாள். எரிச்சல் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் அது யார் மேல் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் கண் கலங்கி, மேஜைமேல் இருந்த ஈரப் பைகள் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

போன் அடித்தது.

மெஷினைச் சுற்றி இருந்த மூன்று தலைகளும் நிமிர்ந்தன. அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கடைங்களா?" ஒரு பெண் குரல். புதுக் குரல். "தம்பி இருக்காராம்மா?"

"இல்..." என்று வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள். இந்தச் சொல்லோடு இனி அவளால் மல்லுக்கட்ட முடியாது. அவனை "அவர்" என்று சொல்லவும் முடியாது. போனில் இருக்கும் அம்மாளிடம் மரியாதை இல்லாமல் பேசவும் முடியாது. யோசித்தாள். அவனுக்கு உரியதை அவனுக்கும் அந்த அம்மாளுக்கு உரியதை அந்த அம்மாளுக்கும் சரியாகப் பிரித்துக் கொடுத்து, நிதானமாகச் சொன்னாள்.

"செத்துட்டானுங்க."

"ஐயோ, கடவுளே!" அந்தக் குரல் பதறியது. "எத்தனை பேரும்மா?"

சைன்ஸ் கூரையைப் பார்த்தாள். தமிழில் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் அவளுக்கு ஒழுங்காக அமையாது போலிருக்கிறது. ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தன்தாங்க" என்றாள். "ஒரே ஒருத்தன். எங்க அண்ணன்."